அம்பத்தூர் எந்தக் கணக்கில் வரும்?

அம்பத்தூரின் ஒரு பகுதியான கொரட்டூரில் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் சொத்துவரி சென்னை மாநகராட்சியின் ஏழாவது மண்டலத்துக்குப் போகிறது. வருவாய்த் துறைக்கு அது சென்னை மாவட்டம். அங்கே திருட்டு நடந்தால் வழக்கு பதிவாவது ஆவடி காவல் ஆணையரகத்தில். எம்.பி. தேர்தலில் அந்த வீட்டார் வாக்களிப்பது ஸ்ரீபெரும்புதூர் தொகுதிக்கு. ஆனால், அவர்கள் பெயர் இருக்கும் வாக்காளர் பட்டியல் திருவள்ளூர் மாவட்டக் கணக்கில் வருகிறது.

குடியிருப்பவர்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். எந்த ஆபீசுக்கு எந்த பஸ் என்பது அவர்களுக்கு மனப்பாடம். பழகாமல் இருப்பவை செய்தி நிறுவனங்கள்தான். ‘அம்பத்தூரில் நிலைமை என்ன?’ என்று ஆசிரியர் கேட்டால், நிருபர் ஐந்து அலுவலகங்களிலிருந்து ஐந்து எண்களைக் கொண்டுவந்து விடுவார். ஐந்தும் வெவ்வேறு எல்லைகொண்ட ஐந்து அம்பத்தூர்களைப் பற்றியவை. செய்தித் துறையில் இன்று தரவுப் பணி என்று சொல்லப்படுவதில் கலர் கலரான வரைபடங்கள் வெளியே தெரியும் பகுதி. பெரும்பாலான உழைப்பு, இந்த ஐந்து எண்களையும் ஒரே ஊரைப் பற்றியவையாக ஆக்குவதில் கழிகிறது. அந்த உழைப்பு பத்திரிகை நிறுவனங்களை எப்படி மாற்றுகிறது, எந்த இடத்தில் அவை மாறாமல் அடம்பிடிக்கின்றன என்று பார்ப்பதற்குச் சென்னையின் மேற்குப் புறநகர் தோதான இடம்.

2011 அக்டோபர் வரை அம்பத்தூர் தனி நகராட்சி. அந்த மாதம் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது அது உள்ளே வந்தது. ஆனால், அதே ஆண்டின் தொடக்கத்தில் நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அதை நகராட்சியாகவே எண்ணி முடித்திருந்தது: சுமார் 4.66 லட்சம் பேர். ஆவடி 3.46 லட்சம், பூந்தமல்லி 57 ஆயிரம். ஆவடி 2019இல் தானே ஒரு மாநகராட்சியானது. சென்னை மாவட்டம் 2018இல்தான் மாநகராட்சி எல்லைவரை நீண்டு, அம்பத்தூர் வட்டத்தைத் திருவள்ளூரிடமிருந்து வாங்கிக்கொண்டது. காவல் துறையோ எதிர்த்திசையில் போயிற்று. 2022 ஜனவரியில் ஆவடி ஆணையரகம் தொடங்கியபோது, அதுவரை சென்னைப் பெருநகரக் காவலில் இருந்த அம்பத்தூர், கொரட்டூர், பூந்தமல்லி நிலையங்கள் அதன் கீழ் சென்றன.

ஆகவே, ‘சென்னையில் வழிப்பறி குறைந்தது’ என்று தலைப்புப் போட நினைக்கும் உதவி ஆசிரியர், வழிப்பறி குறைந்ததா அல்லது சென்னைக் கணக்கில் இருந்த காவல் நிலையங்கள் குறைந்தனவா என்று முதலில் பார்த்தாக வேண்டும். லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்று விகிதம் சொல்வதானால் இன்னொரு சிக்கலும் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சென்னைக்கு வைத்துக்கொள்ளும் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின் நகர்த்தொகுதி எண்ணான சுமார் 87 லட்சம். அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் அந்தத் தொகுதிக்குள் அடங்கியவை. வகுபடும் எண்ணுக்கு ஓர் எல்லை, வகுக்கும் எண்ணுக்கு வேறோர் எல்லை என்றால் விடை எவ்வளவு துல்லியமாகத் தசமத்தில் வந்தாலும் பயனில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் வேண்டாம். எந்த அரசாணை எந்தத் தேதியில் எந்த எல்லையை மாற்றியது என்ற குறிப்பேடு வேண்டும். அந்தக் குறிப்பேட்டை அலுவலகத்தில் யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால், பதில் பெரும்பாலும் ஒரு மூத்த நிருபரின் பெயராக இருக்கும். அவர் ஓய்வு பெற்றால் அதுவும் அவரோடு போய்விடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பழைய நாளிதழ்களின் முகவரியே அம்பத்தூர்தான். மவுண்ட் ரோடு எக்ஸ்பிரஸ் எஸ்டேட்டில் இருந்த தினமணியும் நியூ இந்தியன் எக்ஸ்பிரஸும் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் இரண்டாவது பிரதான சாலைக்கு வந்துவிட்டன. பழைய இடத்தில் இப்போது எக்ஸ்பிரஸ் அவென்யூ மால். லேத்துப் பட்டறைகளுக்கும் வார்ப்பட ஆலைகளுக்கும் பேர்போன அம்பத்தூரில் இன்று என்.டி.டி., டிஜிட்டல் கனெக்‌ஷன் போன்ற நிறுவனங்களின் தரவு மையங்கள் ஜன்னல் இல்லாத பெரிய கட்டடங்களாக எழுந்து நிற்கின்றன.

தினமணிக்கு எண்களோடு பழைய உறவு உண்டு. 1944 முதல் 1987 வரை அதன் ஆசிரியராக இருந்த ஏ.என். சிவராமன், பொருளாதார விஷயங்களை எழுத வைத்துக்கொண்ட புனைபெயர் ‘கணக்கன்’. வரவுசெலவுத் திட்டம், உணவு உற்பத்தி போன்ற வறண்ட விஷயங்களைச் சாதாரண வாசகருக்குப் புரியும்படி அவர் பிரித்து வைத்தார். அவருக்குப் பின் 1987இல் அந்த நாற்காலிக்கு வந்த ஐராவதம் மகாதேவன், அதற்குப் பத்தாண்டு முன்பே சிந்துவெளி எழுத்துகளைக் கணிப்பொறியில் ஏற்றி, எந்தக் குறி எங்கெல்லாம் வருகிறது என்று அடைவு தயாரித்து நூலாக வெளியிட்டவர். இன்றைய செய்தி அறையில் அதற்குத் தரவுத்தளம் என்று பெயர். தமிழ் இதழியலுக்குக் கணக்குத் தெரிந்தவர்கள் இல்லாமல் இருந்ததில்லை. ஆனால், அது ஆளின் திறமையாகவே இருந்தது. நிறுவனத்தின் வேலையாக ஆகவில்லை. சிவராமனின் கட்டுரை மறுநாள் வாசகரிடம் போய்ச் சேர்ந்தது. அதற்கு அவர் திரட்டிய அட்டவணை அடுத்து வருபவர் எடுத்தாளும் சொத்தாகச் சேர்த்து வைக்கப்படவில்லை. அன்றைய தொழில்நுட்பத்தில் அது நடக்கவும் வழியில்லை.

வாசகர்களும் எண்களுக்கு அஞ்சியவர்களல்ல. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் கட்டம் கட்டிப் போட்டவை தமிழ் நாளிதழ்கள்தான். தஞ்சாவூர்க்காரர் தலைப்புச் செய்திக்கு முன்னால் அதைப் பார்ப்பார். பள்ளித் தேர்வு முடிவுகளைப் பதிவெண் பதிவெண்ணாகப் பக்கம் பக்கமாக அச்சிட்டபோது, அந்தப் பக்கங்களுக்காகவே பிரதிகள் விற்றன. இந்த எண்களுக்கெல்லாம் ஒரு பொதுக் குணம்: அரசு அலுவலகம் கொடுத்தது, பத்திரிகை பிழையில்லாமல் அச்சிட்டது, மறுநாள் புது எண் வந்ததும் பழையதன் வேலை முடிந்தது.

அந்தப் பழக்கம் எங்கே முட்டுச்சந்தில் நிற்கிறது என்பதைப் பூந்தமல்லியை ஒட்டியிருக்கும் செம்பரம்பாக்கம் ஏரி காட்டும். சென்னைக் குடிநீர் வாரியம் ஏரிகளின் நிலையைத் தினமும் வெளியிடுகிறது. ஏரியின் பெயர், முழு மட்டம், முழுக் கொள்ளளவு, இன்றைய மட்டம், இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம், மழை, சென்ற ஆண்டு இதே நாளில் இருந்த இருப்பு. செம்பரம்பாக்கம் வரிசையில் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இதை ஒரு சிறு பெட்டிச் செய்தியாக்க இரண்டு நிமிடம் போதும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி மாலை அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிட்டார்கள். மறுநாள் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் ஜாபர்கான்பேட்டையும் தண்ணீருக்குள். திறந்தது சரியா, முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்க வேண்டுமா, வரத்தைவிட அதிகமாக வெளியேற்றினார்களா என்ற கேள்விகளுக்கு நாளுக்கு ஒரு தடவை வரும் எண் பதில் சொல்லாது. மணிவாரியாக மட்டம், வரத்து, வெளியேற்றம், முந்தைய நாள்களின் மழை எல்லாம் ஒரே அட்டவணையில் வேண்டும். அவற்றில் பல எண்கள் அந்த வாரமே செய்திகளில் வந்திருந்தன. ஒன்று காஞ்சிபுரம் நிருபரின் செய்தியில், இன்னொன்று கோட்டை நிருபரின் செய்தியில், மூன்றாவது டி.வி.யின் அடிவரியில். அவை ஒன்றுசேரவில்லை. வெளியேற்றம் வரத்தை மீறியதைச் சுட்டிக்காட்டிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தபோது 2018 ஜூலை ஆகிவிட்டது. தணிக்கையாளர் இரண்டரை ஆண்டு கழித்துக் கேட்ட கேள்வியை ஒரு நாளிதழ் இரண்டு வாரத்தில் கேட்டிருக்க முடியுமா? ஏரி வரிசையைத் தினமும் ஒரு எக்செல் கோப்பில் ஏற்றிவைக்கும் ஆள் ஒருவர் இருந்திருந்தால், ஓரளவு முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். மணிவாரிக் கணக்கைப் பொதுப்பணித் துறையிடமிருந்து வாங்குவது வேறு போராட்டம். ஆனால், எதைக் கேட்க வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

2019 ஜூனில் அதே வரிசை ஏறக்குறையச் சுழியத்தைத் தொட்டது. புழல் ஏரியின் ஓராண்டு இடைவெளிச் செயற்கைக்கோள் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. சென்னைக்கு வராத ஆசிரியர்கள்கூட வாரியத்தின் தளத்திலிருந்து எண்களை இறக்கி ஒரு மணி நேரத்தில் கோட்டுப்படம் போட்டார்கள். நம் நாளிதழ்களின் பழைய கட்டுகளிலோ இணையதளம் பிறப்பதற்கு முந்தைய ஏரி எண்களும் இருக்கின்றன. கட்டிலிருந்து அட்டவணைக்கு யாராவது ஏற்றினால்தான் அவை பேசும்.

இந்தியாவில் ‘தரவு ஆசிரியர்’ என்ற பதவியை முதலில் உருவாக்கியது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட நாளிதழ்தான். தி இந்துவில் அந்தப் பொறுப்பை ஏற்றவர் ருக்மிணி எஸ். இன்று அந்நாளிதழில் தரவுக்கென ஒரு குழுவும் ‘டேட்டா பாயின்ட்’ என்ற நிலையான பகுதியும் இருக்கின்றன. பதவி உருவானதன் பொருள் கோவிட் காலத்தில்தான் பரவலாகப் புரிந்தது.

2020இல் மாநில சுகாதாரத் துறை ஒவ்வொரு மாலையும் ஒரு பி.டி.எஃப். அறிக்கை விட்டது. இறந்தவர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பத்தி: வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், எந்த மருத்துவமனையில் என்று சேர்ந்தார், வேறு என்ன நோய் இருந்தது, எந்த நேரத்தில் இறந்தார். பெயர் இருக்காது. இந்தப் பத்திகளைக் கட்டங்களாக உடைத்து இரவோடிரவாகத் தட்டச்சு செய்தவர்கள் பல அலுவலகங்களில் இருந்தார்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால், அப்படிச் செய்ததால்தான் மாநில அறிக்கையின் இறப்புகளையும் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க முடிந்தது. ஜூன் மாதத்தில் 200-க்கும் மேற்பட்ட இறப்புகள் மாநகராட்சிப் பதிவேட்டில் இருந்தும் மாநிலக் கணக்கில் இல்லை என்று செய்தி வந்தது. இரண்டு கணக்குகளையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க அரசு குழு அமைத்தது. ஜூலை 22 அன்று விடுபட்ட 444 இறப்புகள் சேர்க்கப்பட்டன. மாநில மொத்தம் ஒரே நாளில் 2,626-இலிருந்து 3,144 ஆனது. அதில் அன்றைய புதிய இறப்புகள் 74 மட்டுமே.

அந்த 444 பேரும் சென்னைக் கணக்கு. இங்கேதான் மேற்குப் புறநகர் மறுபடியும் குறுக்கே வருகிறது. இறப்பு, நிகழ்ந்த இடத்தில் பதிவாகும். அம்பத்தூரில் வீட்டில் இறந்தவர் சென்னை மாநகராட்சிப் பதிவேட்டில் இருப்பார். சாலையைக் கடந்து திருமுல்லைவாயலில் இறந்தவர் ஆவடிப் பதிவேட்டில். ஆவடிக்காரர் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் இறந்தால் மறுபடி சென்னை. ஊரில் இத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று சொல்ல விரும்பும் செய்தியாளர், எத்தனை பேர் சாவதற்குச் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்கள் என்பதையும் கழிக்க வேண்டும். பூந்தமல்லி அல்லது பட்டாபிராம் போன்ற இடங்களைப் பற்றி அந்த ஆண்டு நுட்பமான செய்திகள் குறைவாக வந்ததற்கு நிருபர்களின் அக்கறையின்மையைக் குறை சொல்வது எளிது. ஆனால், அந்த ஊர்களுக்கென்று பிரித்தெடுக்கத் தோதான பதிவேடு எவர் மேசையிலும் இல்லை.

அடுத்து, கோப்பைத் திறப்பதிலேயே இருக்கும் பாடு. வானவில் ஔவையார் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழ் அரசுக் கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டினால், திரையில் வருவது ஆங்கில எழுத்துகளின் குப்பை. 2010இலேயே தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது என்றாலும் மேசைகள் மெதுவாகத்தான் மாறின. ஸ்கேன் செய்த பக்கமென்றால் ஓ.சி.ஆர். போட வேண்டும். அது ரகரத்தையும் துணைக்காலையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் படிக்கும். அதன் பிறகு பெயர்கள். ‘செல்வி க.’வும் ‘கே. செல்வி’யும் ஒருவரா இருவரா? பூந்தமல்லியும் பூவிருந்தவல்லியும் ஒன்றே என்று மென்பொருளுக்கு யாராவது சொல்லித் தர வேண்டும். 2020 ஜூனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை போட்டு, சில நாள்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள். பெயர் பொருத்தும் வேலை பார்ப்பவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

இந்தப் பாடுகளெல்லாம் வாக்காளர் பட்டியலில் ஒருசேர வந்து நிற்கின்றன. தேடக்கூடிய எழுத்து வடிவில் பட்டியலைத் தர வேண்டும் என்று காங்கிரஸ் தலைவர் கமல்நாத் தொடுத்த வழக்கை 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2025இல் பிகாரில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது நீக்கப்பட்ட 65 லட்சம் பெயர்களையும் காரணத்தோடு வெளியிடும்படி ஆகஸ்டில் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. தி இந்துவின் தரவுக் குழு வாக்குச்சாவடி வாரியாக அலசி, பெண்கள் மட்டும் மிதமிஞ்சி நீக்கப்பட்ட சாவடிகள் போன்ற இயல்புக்கு மாறான இடங்களைச் சுட்டியது. நாடெங்கும் ஒரே மொத்த எண்ணைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்த விவாதம், குறிப்பிட்ட சாவடிக்குப் போய்க் கதவைத் தட்டக்கூடிய கேள்வியாக மாறியது.

அதே திருத்தத்தில் தமிழ்நாட்டின் வரைவுப் பட்டியல் 2025 டிசம்பர் 19 அன்று வந்தது. 97.37 லட்சம் பெயர்கள் இல்லை. சென்னையில் மட்டும் 14.25 லட்சம் என்று எல்லா ஊடகங்களிலும் தலைப்பு. அந்தச் சென்னை, 16 சட்டமன்றத் தொகுதிகள் கொண்ட பழைய தேர்தல் மாவட்டம். மாநகராட்சிக்குள் இருக்கும் அம்பத்தூரும் மதுரவாயலும் திருவள்ளூர் எண்ணுக்குள் இருந்தன. செய்தியைப் படித்த அம்பத்தூர்வாசி அந்த 14.25 லட்சத்தில் தன் தெருவும் அடக்கம் என்றுதான் நினைத்திருப்பார். ஒரு வரி விளக்கம் போதும். அதைச் சேர்க்க டெஸ்கில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

யாருக்குத் தெரியும்? ஏரியா நிருபருக்குத் தெரியும். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருசக்கர வண்டியில் சுற்றும் பகுதிநேர நிருபருக்கு எந்த வார்டு எந்த நிலையத்தில் வருகிறது, எந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர் (பி.எல்.ஓ.) வீடு வீடாகப் போனார், யார் ஒரே இடத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார் என்பதெல்லாம் அத்துபடி. அவர் அனுப்புவது வாட்ஸ்அப்பில் நான்கு வரியும் ஒரு போட்டோவும். தரவுக் குழுவில் இருக்கும் இளைஞர் பைத்தான் எழுதுவார், கொரட்டூர் ரயில்வே கேட்டைப் பார்த்திருக்க மாட்டார். இருவரும் ஒரே நிறுவனத்தின் ஆட்கள் என்றாலும் சம்பளமும் மரியாதையும் பைலைனும் ஒரே அளவில் இல்லை. தரவுப் பணி செய்தி நிறுவனங்களுக்குள் கொண்டுவந்திருக்கும் மாற்றங்களில் எனக்கு உறுத்தலானது இதுதான். புதிய பதவிகள் தலைமையகத்தில் முளைக்கின்றன. எண்ணுக்குப் பொருள் தெரிந்தவர் வெளியே, வரிக்கு இவ்வளவு என்ற கணக்கிலேயே நிற்கிறார். அமெரிக்காவில் செய்தியாளர் பிலிப் மேயர் 1967 டெட்ராய்ட் கலவரத்தைக் கருத்தாய்வு முறையில் ஆராய்ந்தபோது, கலவரக்காரர்கள் படிக்காதவர்கள் என்ற நம்பிக்கையை அது உடைத்தது. கணிப்பொறி அதில் உண்டு. ஆனால், அந்தத் தெருக்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டவர்களும் அதில் உண்டு.

நிறுவனங்களுக்குள் இன்னொரு வகைத் தரவும் புகுந்திருக்கிறது. அதற்குத்தான் முதலாளிகளிடம் செல்வாக்கு அதிகம்: வாசகரைப் பற்றிய தரவு. முன்பு அது ஆண்டுக்கொரு முறை வந்தது, அதுவும் சந்தேகத்தோடு. 2013ஆம் ஆண்டுக்கான இந்திய வாசகர் ஆய்வு 2014 ஜனவரியில் வெளியானபோது, பிசினஸ் லைன் நாளிதழுக்குச் சென்னையைவிட மணிப்பூரில் மூன்று மடங்கு வாசகர்கள் என்று காட்டியது. பெரிய பத்திரிகைக் குழுமங்கள் ஒன்றுகூடி ஆய்வையே நிராகரித்தன. தொலைக்காட்சியில் டி.ஆர்.பி. மோசடிப் புகாருக்குப் பின் 2020 அக்டோபரில் நிறுத்திய செய்திச் சேனல்களின் ரேட்டிங், 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தது. இப்போது இணையப் பிரிவில் எந்தச் செய்தியை எத்தனை பேர் படிக்கிறார்கள், எந்த வரியில் வெளியேறுகிறார்கள் என்று நொடிக்கு நொடி திரையில் ஓடுகிறது.

இந்தத் திரை மேற்குப் புறநகருக்கு நல்லது செய்வதில்லை. ஆவடி மாநகராட்சிக் கூட்டத்தின் தீர்மானத்தைப் படிக்கச் சில நூறு பேர் வரலாம். நடிகரின் விவாகரத்துக்கு லட்சம் பேர். ஏரியும் கால்வாயும் பட்டாவும் உள்ள செய்தி, அந்தப் பகுதிக்காரருக்கு எவ்வளவு முக்கியமானாலும், மொத்தத்தில் சிறிய கோடாகத் தெரியும். எல்லா வாசகரையும் ஒரே மொத்தமாக அளப்பதால் வரும் கோளாறு அது. இன்ன ஊர்க்காரர்களில் எத்தனை சதவீதம் பேர் படித்தார்கள் என்று கேட்டால் ஆவடிச் செய்தி தலைநிமிரும். அப்படிக் கேட்க, வாசகர் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்திருக்க வேண்டும். வாசகரின் இருப்பிடத்தைச் சேகரிப்பது விளம்பரதாரருக்கு உடனே பயன்படுகிறது. செய்தி ஆசிரியருக்கு அந்த எண் வந்துசேர்வதற்குள் மாதம் முடிந்துவிடுகிறது.

இதற்கிடையில் மூலப் பொருளும் சுருங்குகிறது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியது. பொதுநலன் இருந்தால் தனிப்பட்ட தகவலையும் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகம் போயிற்று. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. பயனாளிகள் பட்டியல், ஒப்பந்ததாரர் விவரம், பணியிட மாற்றல் என்று பெயர் வரும் எதையும் இனி ‘தனிப்பட்டது’ என்று சொல்லி மறுப்பது பொதுத் தகவல் அலுவலருக்கு எளிது. வேறு பிரிவில் பொதுநலன் வாதம் இன்னும் இருக்கிறது என்பார்கள் வழக்கறிஞர்கள். மேல்முறையீடு வரை போகப் பொறுமையும் பணமும் உள்ள பத்திரிகைக்கு அது ஆறுதல். எனவே, கையில் ஏற்கெனவே இருக்கும் பட்டியல்களை, பழைய தகவல் உரிமைப் பதில்களை, இறக்கி வைத்த பி.டி.எஃப்.களை நிருபரின் சொந்த லேப்டாப்பிலிருந்து அலுவலகச் சேமிப்புக்கு மாற்றுவது அவசரமான வேலையாகியிருக்கிறது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டது. முடிவு வரும் நாளில் என்ன தலைப்பு வரும் என்று இப்போதே ஊகிக்கலாம். 2011இல் சென்னை மாவட்டத்தில் 46.5 லட்சம் பேர். புதிய எண் எதுவாக இருந்தாலும் அதற்கு முன்னால் வைத்துப் பார்த்தால் பிரம்மாண்ட வளர்ச்சி தெரியும். ஆனால், இன்றைய எல்லைக்குள் 2011இலேயே இருந்தவர்கள் சுமார் 67 லட்சம். அதே தவறைத் திருவள்ளூருக்கு எதிர்ப்பக்கமாகச் செய்யலாம். இதைத் தவிர்க்க வேண்டுமானால் 2011இன் நகராட்சி, பேரூராட்சி, வார்டு எண்களை இன்றைய எல்லைகளுக்கு மாற்றித் தரும் ஓர் அட்டவணை தயாராக இருக்க வேண்டும். ஆவணங்கள் பொதுவெளியில் உள்ளவைதான். ஒரு ஆள் உட்கார்ந்தால் சில வாரங்களில் முடியும். அந்த ஆள் நிருபரா, நூலகரா, கணினிப் பிரிவா, யாருக்குக் கீழ் வேலை பார்ப்பார் என்பதுதான் பல அலுவலகங்களில் இன்னும் முடிவாகவில்லை.